மன்னிக்கிற பேட்டு

எங்க ஷெட்டுல ரெண்டு பிக்கிள்பால் கோர்ட்டு, நாலு ஃபேனு, ஒரு தெய்வசிகாமணி. ஃபேனையாவது சுவிச்சை அமுத்துனா நின்னுரும். தெய்வசிகாமணிக்கு சுவிச்சே வெக்காம அனுப்பிட்டாங்க.

எடம் கவுண்டம்பாளையமுங்க. மூடிக் கெடந்த நூல் மில்லுக் குடோனை வாடகைக்கு எடுத்து, தரையில பச்சைப் பெயிண்ட்டு அடிச்சு, நடுவால இடுப்பு ஒசரத்துக்கு வலையைக் கட்டி உட்டிருக்காங்க. டென்னிஸ்ல கொஞ்சம், ஷட்டில்ல கொஞ்சம், டேபிள் டென்னிஸ்ல கொஞ்சம் எடுத்துப் போட்டுக் கிண்டுன வெளையாட்டு இது. ஓட்டை ஓட்டையா ஒரு பிளாஸ்டிக் பந்து, கைப்புடி வெச்ச பலகையாட்டம் ஒரு பேட்டு. கடைக்காரங்க அதைப் பேடில்ம்பாங்க, எங்களுக்குப் பேட்டுதான். காலைல ஆறுலருந்து எட்டு வரைக்கும் எங்க செட்டு வெளையாடும், அப்பறம் பெஞ்சுல உக்காந்து நாயம் பேசும்.

நான் பெனடிக்ட். கணபதியில லேத்துப் பட்டறை வெச்சிருக்கேன். எடை, பேலன்ஸுன்னு ஆராவது பேசுனா என்ற காது தானா அக்கட்ட திரும்பும். நாப்பது வருசமா அந்த வேலைதான் எனக்குச் சோறு போடுதுங்க. தெய்வசிகாமணி பம்ப்செட்டுக் கடைக்காரரு, அறுவது வயசு. இந்த வெளையாட்டுக்கு வந்து ரெண்டு வருசந்தான் ஆச்சு. பேச்சைக் கேட்டா, இதைக் கண்டுபுடிச்சவனையே முட்டி போட வெச்சு இவருதான் பாடம் எடுத்தாருன்னு நெனைப்பீங்க. ஆரு புதுப் பேட்டு வாங்கிட்டு வந்தாலும் வாங்கிப் பாத்து, மூக்கைச் சுளிச்சு, "இதுல மாவு கிண்டலாம்"னு திருப்பிக் குடுத்துருவாரு. என்ற பேட்டுக்கு அவரு வெச்ச பேரு மண்ணு வெட்டற மம்முட்டி. ஒண்டிமுத்தண்ணன் பேட்டுக்கு விசிறி. ஒண்டிமுத்தண்ணன் கரண்டு ஆபீஸ்ல லைன் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டையர் ஆனவரு. ரெண்டு வார்த்தைக்கு மேல பேச மாட்டாரு, ஆனா அந்த ரெண்டும் ஷாக் அடிக்கும்.

இப்ப நான் சொல்றது போன சனிக்கெழமை நடந்தது. அன்னைக்கு எங்களுக்கு இருந்த ஒரே கவலை பூங்கோதையம்மாதான்.

பூங்கோதையம்மா பேக்கரி வெச்சிருக்காங்க. நாப்பத்தாறு வயசு. மாவு பெசஞ்ச கை, அதனால அடி ஒவ்வொண்ணும் கெட்டியா இருக்கும். ஞாயித்துக்கெழமை காலைல எங்களுக்கும் சிங்காநல்லூர் டீமுக்கும் மேட்ச்சு, அதுல கலப்பு ஜோடி ஆட்டத்துக்கு இவிங்கதான். எதுத்தாப்புல வெளையாடறது இவிங்க நாத்தனாரு வசுமதி. போன வருசம் இதே மேட்ச்சுல பூங்கோதையம்மா பதினொண்ணுக்கு சைபர்னு தோத்தாங்க. ஜோடி ஆருங்கறீங்க? நம்ம தெய்வசிகாமணிதான்.

அதோட போயிருந்தா பரவால்லைங்க. பிக்கிள்னா ஊறுகாதானுங்களே, இந்த வெளையாட்டுல சைபர் வாங்குனவங்களை 'ஊறுகா போட்டாச்சு'ன்னு சொல்லுவாங்களாம், வசுமதி அதை எங்கியோ தெரிஞ்சுக்கிச்சு. மேட்ச்சு முடிஞ்ச அடுத்த வாரம் அவிங்க வீட்டுல ஒரு வளைகாப்பு. எரநூறு பேரு கூடியிருக்கற எடத்துல, எலுமிச்சங்கா ஊறுகா பாட்டிலுக்குச் செவப்பு ரிப்பன் கட்டிக் கொண்டாந்து, "அண்ணி, உங்களைப் போட்டதுதான், ருசி பாருங்க"ன்னு கையில குடுத்துச்சாம். பந்தி பூராவும் சிரிச்சிருக்கு. பூங்கோதையம்மா ஊட்டுக்காரரும் சேந்து சிரிச்சிருக்காரு. அதுதான் அவிங்களுக்குத் தாங்கலை.

"எனக்குப் பயமா இருக்குதுங்கண்ணா"ன்னு எங்கிட்ட நேராவே சொன்னாங்க. "ஜெயிக்காட்டியும் போவுது. மறுக்கா சைபர் வாங்குனா நான் இனி எந்த விசேசத்துக்கும் தலை காட்ட முடியாது."

இத்தனை நாளும் எரவல் பேட்டுலயே ஓட்டுனவங்க, இந்த வருசம் சொந்தமா ஒண்ணு வாங்கறதுன்னு முடிவு பண்ணி, காந்திபுரத்துக் கடையில ரெண்டை வாங்கிட்டு வந்திருந்தாங்க. அடிச்சுப் பாத்துட்டுச் சனிக்கெழமை பத்து மணிக்குள்ள ஒண்ணைத் திருப்பிக் குடுத்துரோணும், அப்படிப் பேச்சு. ஒண்ணு நீளப் பேட்டு. மெல்லிசா இருக்கும், தலைப்பக்கம் கனம். நட்ட நடுவுல பட்டா பந்து பறக்கும், ஒரு வெரக்கடை தள்ளிப் பட்டாக் கையை முறுக்கிட்டு எங்கியோ போவும். இன்னொண்ணு அகலப் பேட்டு. கொஞ்சம் தடிசு, எரநூத்தி முப்பது கிராமு, முன்னயும் பின்னயும் ஒரே சீரா நிக்குது. அதை நான் ஒரு வெரல்ல வெச்சே பாத்தனுங்க. கைப்புடியும் அவிங்க கைக்குச் சரியா இருந்துச்சு, புடிச்சா வெரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவால ஒரு வெரல் போற எடம்.

காலைல ஒவ்வொண்ணுலயும் இருவது பந்து அடிக்கச் சொன்னேன். நீளத்துல ஒம்பது பந்து வலையைத் தாண்டுச்சு. அகலத்துல பதினேழு. இதுக்கு மேல யோசிக்க ஒண்ணுமே இல்லைங்க. ஆனா பூங்கோதையம்மா பெஞ்சுல உக்காந்து ரெண்டையும் மடியில வெச்சுட்டு ஒரு கேள்வி கேட்டாங்க.

"ஏனுங்கண்ணா, கடைக்காரரு இந்த அகலத்தைக் காட்டி, 'மேடம், நல்ல பேலன்ஸு, ஸ்வீட் ஸ்பாட் பெருசு, ரொம்ப ஃபர்கிவ்விங்கு, ஆல் கோர்ட்டுக்கும் ஆவும்'னாரு. நானும் தலையை ஆட்டிட்டு வந்துட்டேன். ஃபர்கிவ்விங்குன்னா என்னங்க?"

நான் வாயைத் தொறந்தேன். "அதாவது, பந்து நடுவுல படாம…"

"மன்னிக்கறது!" ஷூ லேசைக் கட்டிட்டு இருந்த தெய்வசிகாமணி எந்திரிச்சே வந்துட்டாரு. "மன்னிக்கறதுன்னு அர்த்தம் அம்மணி! இவங்கிட்டப் போய்க் கேக்கறீங்களே, இரும்பைச் சீவறவனுக்கு என்ன தெரியும்? பேட்டுன்னா என்னன்னு தெரிஞ்ச ஆளு இந்தக் கோயமுத்தூர் ஜில்லாவுலயே ஒருத்தன்தான். அவன் உங்க முன்னாடி நிக்கறான்."

"ஆரம்பிச்சுட்டான்"ன்னாரு ஒண்டிமுத்தண்ணன்.

"இந்தக் கடைக்காரன் குடுத்ததெல்லாம் ஒரு பேட்டா? சப்பாத்திக்குக் கூட மாவு தேய்க்க ஆவாது. நான் பேட்டு எடுத்த கதையைக் கேளுங்க, அப்பறம் தெரியும்"னு பெஞ்சுல என்னைய இக்கட்ட தள்ளிட்டு நடுவுல உக்காந்தாரு. "மொதல்ல பேலன்ஸு. அந்தக் கடையில நானூத்திப் பன்னெண்டு பேட்டு தொங்குச்சு. அத்தனையும் எறக்கச் சொன்னேன். ஒவ்வொண்ணா இந்த ஆள்காட்டி வெரல்ல வெச்சேன். நானூத்திப் பதினொண்ணு தலை குப்புற உழுந்துச்சு. கடைசி ஒண்ணு நின்னுச்சு பாருங்க! எடுக்க மனசே வல்லை. அப்படியே வெரல்லயே வெச்சுட்டு, பக்கத்து மெஸ்ஸுல எலை போட்டுச் சாப்புட்டுட்டு வந்தேன்."

"எந்தக் கையில?"ன்னு ஒண்டிமுத்தண்ணன் கேட்டாரு.

"வலக்கையில."

"சோறு?"

"அதுவும் வலக்கையிலதான். வெரலு அஞ்சு இருக்குதில்ல? ஒண்ணு பேட்டுக்கு, நாலு சோத்துக்கு. கரண்டு ஆபீஸ்ல கணக்கு பண்ணத் தெரியாதவங்களைத்தான் வேலைக்கு எடுப்பாங்களாட்ட இருக்குது."

பூங்கோதையம்மா வாயைப் பொத்திட்டுச் சிரிச்சாங்க. சிரிக்க உட்டதுதான் தப்பு. எங்காளுக்கு ஒரு சிரிப்பு போதும், ஒம்பது மணி நேரம் ஓடுவாரு.

"இது என்ன பெரிசு? அந்தப் பேட்டைக் கைப்புடி கீழ இருக்கற மாதிரி ஸ்கூட்டரு சீட்டுல நட்டமா நிறுத்தி வெச்சு, பொள்ளாச்சி வரைக்கும் ஓட்டிட்டுப் போனேன். கட்டலை, புடிக்கலை. எத்தனை ஸ்பீடு பிரேக்கரு! அசையலையே! கிணத்துக்கடவு தாண்டறப்ப ஒரு மைனா வந்து பேட்டோட இடது ஓரத்துல உக்காந்துச்சு. செரி, போச்சுடான்னு நெனைக்கறேன், இன்னொரு மைனா வந்து வலது ஓரத்துல உக்காந்துச்சு. பேட்டு மறுக்கா நேரா நின்னுக்கிச்சு."

பேலன்ஸுன்னா எனக்குச் சும்மா இருக்க முடியாதுங்களே. "ரெண்டு மைனாவும் ஒரே எடையா இருந்துச்சுங்களா? அரைக் கிராமு வித்தியாசம் இருந்தாலும் சாயோணுமே?"ன்னேன்.

என்னைய ஒரு மாதிரி எளப்பமாப் பாத்தாரு. "இதைத்தான் பட்டறைப் புத்திங்கறது. இடது பக்கத்து மைனா கொஞ்சம் குண்டுதான். அதனாலதான் வலது பக்கத்து மைனா வாயில ஒரு வேப்பம்பழத்தைக் கவ்விட்டு வந்துச்சு."

ஒண்டிமுத்தண்ணன் துண்டை எடுத்து மூஞ்சியைத் தொடைச்சுக்கிட்டாரு. மணி எட்டரை ஆயிருச்சு. நான் பூங்கோதையம்மாகிட்ட, "அகலத்தை எடுத்துக்கங்க அம்மா, நீளத்தைக் குடுத்து உட்டரலாம்"னு மெதுவாச் சொன்னேன். காதுல விழுந்திருச்சு மகராசனுக்கு.

"ஸ்வீட் ஸ்பாட்டைப் பத்திப் பேசாம பேட்டை எடுக்கச் சொல்றான் பாருங்க! பேட்டுல பந்து பட்டா நல்லாப் போற எடம் எதுவோ, அதுக்குப் பேருதான் ஸ்வீட் ஸ்பாட்டு. உங்க பேட்டுல எல்லாம் அது ஒரு வடை அளவு இருக்கும். பெனடிக்ட்டு பேட்டுல அதுவும் இல்ல, வடையோட ஓட்டை மட்டும் இருக்குது. என்ற பேட்டுல ஸ்வீட் ஸ்பாட்டு மூஞ்சி பூராவும் பரவி, எடம் பத்தாம கைப்புடி வரைக்கும் வழிஞ்சிருச்சு. ராத்திரி வெச்சுட்டுப் படுத்தா, காலைல பாத்தா எறும்பு! ஊட்டு வாசல்ல ஆரம்பிச்சு தடாகம் ரோடு வரைக்கும் எறும்பு வரிசை."

"எறும்பா?"ன்னாங்க பூங்கோதையம்மா.

"கட்டெறும்பு! இனிப்பு அம்மணி! ரெண்டு வாரம் வெளையாடுனேன், எனக்குச் சுகர் முந்நூத்திப் பத்துக்கு ஏறிருச்சு. டாக்டரு என்ன சாப்புட்டீங்க, என்ன சாப்புட்டீங்கன்னு கொடையறாரு. நான் கொள்ளும் கம்பும் தவுர ஒண்ணும் தொடலை. கடைசியில பேட்டைப் பாத்துட்டு, 'இதைக் கையுறை போட்டுட்டுப் புடிங்க'ன்னு எழுதிக் குடுத்தாரு."

"எங்கிட்டக் குடுத்திருந்தா ஒரு வாரத்துக்குக் கேக்கு போட்டிருப்பேன்"னு பூங்கோதையம்மா உட்டாங்க ஒரு வார்த்தை.

"கேக்கு என்ன கேக்கு! ஒரு மண்டபத்துல எட்டுநூறு பேருக்குப் பாயசம், ஜீனி கொறஞ்சு போச்சு. சமையக்காரரு ஓடியாந்து என்ற காலைப் புடிச்சாரு. நான் பேட்டை அண்டாவுல உட்டு வலது பக்கமா மூணு சுத்து சுத்துனேன். பொண்ணு மாப்பிள்ளையை உட்டுட்டுப் பந்தியே என்னைய வந்து கும்புட்டுச்சு."

"அண்டாவையும் வெரல்ல வெச்சுச் சாப்புட்டிருப்பானே"ன்னாரு ஒண்டிமுத்தண்ணன். அவருக்கு அது ரொம்ப நீளமான பேச்சு, கோவம் தலைக்கேறிருச்சுன்னு அர்த்தம்.

இதெல்லாம் வெறும் பொய்யின்னு எங்க எல்லாருக்கும் தெரியுமுங்க. பூங்கோதையம்மாவுக்கும் தெரியும். ஆனா அவிங்க மூஞ்சியில சிரிப்பு போயி வேற என்னமோ வந்திருந்துச்சு. அகலப் பேட்டைப் பெரட்டிப் பெரட்டிப் பாத்துட்டு இருந்தாங்க. "மன்னிக்கறதுன்னீங்களே, அது எப்படிங்க?"ன்னு கேட்டாங்க.

"அப்படிக் கேளுங்க! ஒரு நாளு நான் பின்னாடிக் கோட்டுல நிக்கறேன். பந்து வேகமா வருது. எனக்குத் தும்மல் வந்துருச்சு. பேட்டு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வேற பேட்டா இருந்தாப் பந்தை உட்டுட்டு எம்மேல பழியைப் போடும். இது என்ன பண்ணுச்சு? என்னைய ஒரு பார்வை பாத்துச்சு. 'போவுது உடு, பாவம், பம்ப்செட்டுக் கடையில தூசி'ன்னு மன்னிச்சுட்டு, தானாத் திரும்பிப் போயிப் பந்தை எடுத்துக் குடுத்துச்சு."

"பேட்டு பேசுச்சுங்களா?"ன்னேன்.

"உன்ற பேட்டு பேசாது. அதுக்கு உங்கிட்டப் பேச என்ன இருக்குது?" திரும்பி அம்மாகிட்ட சொன்னாரு, "இன்னொரு நாளு நான் தூங்கிட்டேன், கோர்ட்டுக்கே வரலை. பேட்டு பையில இங்க பெஞ்சு மேல கெடக்குது. மேட்ச்சு ஆரம்பிச்சிருச்சு. ஆளு வரலைங்கறதையும் மன்னிச்சு, பைக்குள்ள இருந்துட்டே பதினொண்ணுக்கு நாலுன்னு ஜெயிச்சுக் குடுத்துச்சு."

"அந்த நாலு?"ன்னாரு ஒண்டிமுத்தண்ணன்.

"பையில ஜிப்பு போட்டிருந்தேன்."

பதிலு கையிலயே வெச்சிருக்கற ஆளை என்னங்க பண்ணுவீங்க? மணி ஒம்பது. காந்திபுரம் போறதுக்கே அரை மணி நேரம் ஆவும். நான் எந்திரிச்சேன். அவரு என்ற பனியனைப் புடிச்சு உக்கார வெச்சாரு.

"ஆல் கோர்ட்டைச் சொல்லி முடிக்கலையே! கடைக்காரன் ஆல் கோர்ட்டுக்கும் ஆவும்னான்ல? நீங்க என்ன நெனைச்சீங்க? முன்னாடி வலைக்கிட்ட நின்னும் அடிக்கலாம், பின்னாடி கோட்டுல நின்னும் அடிக்கலாம்னு நெனைச்சீங்க. அதெல்லாம் ஏமாந்தவங்களுக்குச் சொல்றது. ஆல் கோர்ட்டுன்னா எல்லாக் கோர்ட்டும்! முன்சீப்பு கோர்ட்டு, ஜில்லாக் கோர்ட்டு, எல்லாம்! எங்க பங்காளிக ரெண்டு பேருக்கு வரப்புத் தகராறு, இருவத்திரெண்டு வருசமாக் கேசு. சாட்சி சொல்லக் கூப்புட்டாங்க, நான் பேட்டைப் பையில போட்டுட்டே போயிட்டேன். கூண்டுல ஏறி, பையோட ஜிப்பை இந்தா இவ்வளவுதான் தொறந்தேன். அண்ணங்காரன் அழுவறான், தம்பிகாரன் அழுவறான், 'வரப்பு உனக்கே'ங்கறான், 'இல்ல உனக்கே'ங்கறான். கடைசியில ரெண்டு பேரும் வேண்டாம்னு சொல்லி வரப்பு அனாதையாப் போச்சு."

"அப்பறம்?"

"அப்பறம் என்ன, மன்னிப்பு பரவிருச்சு. பக்கத்து ரூம்புல இருந்த கேசெல்லாம் ராஜியாயிருச்சு. வக்கீலுக வராண்டாவுல நின்னு அழுவறாங்க. ஒரு வாரத்துல கோர்ட்டுல கூப்புடறதுக்குப் பேரே இல்ல. பேரு கூப்புடற டவாலி பழக்க தோசத்துல வாசல்ல வந்து நின்னு, தன்ற பேரையே மூணு தடவை கூப்புட்டுட்டு, தானே உள்ளார போயிட்டாரு."

எனக்கே சிரிப்பு வந்துருச்சுங்க, பொய் சொல்ல வேண்டாம். ஒண்டிமுத்தண்ணன் மட்டும் சுவரைப் பாத்துட்டு இருந்தாரு. பூங்கோதையம்மா சிரிக்கவே இல்ல.

"ஏனுங்கண்ணா, அது எதிராளியையும் மன்னிக்குமுங்களா?"ன்னு கேட்டாங்க.

"அவிங்களைத்தான் மொதல்ல!" எங்காளு தொடையைத் தட்டிட்டாரு. "அங்கதான் அம்மணி அதோட பெருந்தன்மை. ஒருக்கா தாராபுரத்துல மேட்ச்சு. எதிராளி அடிச்ச பந்து கோட்டுக்கு வெளிய போவுது, எங்களுக்குப் பாயிண்ட்டு. என்ற பேட்டு ஓடிப் போயி அந்தப் பந்தைப் புடிச்சு அவனுக்கே திருப்பிக் குடுத்துருச்சு. தெரியாம பண்ணிட்டான், போவட்டும்னு. அவன் வலையில அடிச்சாலும் மன்னிப்பு, வானத்துல அடிச்சாலும் மன்னிப்பு. பாயிண்ட்டே உழுவ மாட்டேங்குது! தை மாசம் ஆரம்பிச்ச ஆட்டம், ஆடி வரைக்கும் போச்சு. அந்த ஓட்டைப் பந்து இருக்குதில்ல, அது தேஞ்சு, தேஞ்சு, பிளாஸ்டிக்கு பூராவும் தேஞ்சு போயி, ஓட்டைக மட்டும்தான் மிச்சம். கடைசி நாலு நாளு நாங்க அந்த ஓட்டைகளைத்தான் அடிச்சோம்."

ஒண்டிமுத்தண்ணன் சுவரை உட்டுட்டு ஃபேனைப் பாக்க ஆரம்பிச்சாரு.

"ஆரு ஜெயிச்சாங்க?"ன்னு கேட்டேன்.

"ஆரும் ஜெயிக்கலை. மன்னிச்சு உட்டுருச்சுன்னு இவ்வளவு நேரம் என்ன சொல்லிட்டு இருக்கேன்?"

"செரி, அந்தப் பேட்டு எங்க? ரெண்டு வருசமா நீங்க இந்தப் பிளாஸ்திரி போட்ட பேட்டைத்தான தூக்கிட்டு வர்றீங்க?"

தெய்வசிகாமணி பெருமூச்சு உட்டாரு. அந்தப் பெருமூச்சுக்கே கைதட்டலாமுங்க, அப்படி ஒரு நடிப்பு. "ஒருத்தன் திருடிட்டுப் போயிட்டான் பெனடிக்ட்டு. தேடிப் புடிச்சு அவன் ஊட்டுக்கே போனேன். பேட்டு வர மாட்டேன்னுருச்சு. அவனை மன்னிச்சுருச்சாம்."

நான் திரும்பிப் பாக்கறேன், பூங்கோதையம்மா அகலப் பேட்டைப் பெஞ்சுல வெச்சுட்டு, நீளப் பேட்டைக் கையில எடுத்துட்டாங்க. எந்திரிச்சே நின்னுட்டாங்க.

"அம்மா, என்ன பண்றீங்க? அதுல இருவதுக்கு ஒம்பதுதான் போச்சு!"

"போனாப் போவுது"ன்னாங்க. "எனக்கு மன்னிக்கற பேட்டு வேண்டாமுங்க."

"ஏனுங்க?"

"ஏனா?" அவிங்க கொரலே மாறிருச்சு. "பத்தொம்பது வருசமா அவளை நாந்தானுங்க மன்னிச்சுட்டு இருக்கேன். கல்யாணத்தன்னைக்கு என்ற பொடவையைப் பாத்து, திரைச்சீலையான்னு கேட்டா, மன்னிச்சேன். பேக்கரி தொறந்தன்னைக்கு, முதல் பன்னைக் கடிச்சுட்டுச் செவுத்துக்கு வெக்கற கல்லுன்னா, மன்னிச்சேன். எம்புள்ளைக்கு மார்க்கு கொறஞ்சப்ப ஊரு பூராப் போன் போட்டுச் சொன்னா, அதையும் மன்னிச்சேன். ஊறுகாயையும் சிரிச்சுட்டே வாங்கி வெச்சேன். நாளைக்கு ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, நான் அவளை மன்னிக்காம அடிக்கோணும். அப்பப் போயிப் பேட்டு உள்ளார பூந்து, போவட்டும் பாவம்னு அவ பந்தை அவளுக்கே திருப்பிக் குடுத்துச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

பாத்தீங்களா? பொய்யின்னு தெரிஞ்சும் பயம் வந்துருச்சு. பேசுன பேச்சுக்கு நான் தெய்வசிகாமணியை மொறைச்ச மொறைப்புல வேற ஆளா இருந்தா எரிஞ்சே போயிருப்பான். அவரு சாவகாசமாத் தண்ணி குடிச்சாரு.

"அம்மா, உக்காருங்க"ன்னேன். "அந்தாளு சொன்னது அத்தனையும் டூப்பு. ஃபர்கிவ்விங்குன்னா, நீங்க அவசரத்துல நடுவுல அடிக்காம ஓரத்துல அடிச்சுட்டாலும் பந்து ஒழுங்கா வலையைத் தாண்டிப் போவும். அகலமா, தடிசா இருக்கறதால கையில முறுக்காது. அவ்வளவுதான். மன்னிக்கறது உங்க தப்பை. வேற ஆரு தப்பையும் இல்ல."

"என்னைய மட்டும்தானா?"

"உங்களை மட்டும்தான்."

"அவளை மன்னிக்காதே?"

"ஒரு பந்துக்குக் கூட மன்னிக்காது."

"சத்தியமாச் சொல்லுங்க பெனடிக்ட்டண்ணா."

"மாதா சத்தியமா."

ஒண்டிமுத்தண்ணன் பக்கம் திரும்பிப் பாத்தாங்க. அவரு, "கரெக்ட்டு"ன்னாரு.

பூங்கோதையம்மா நீளப் பேட்டை உறையில போட்டு எங்கிட்டக் குடுத்தாங்க. அகலத்தைக் கையில எடுத்து, கைப்புடியை ஒருக்கா அமுத்திப் புடிச்சு, காத்துல ரெண்டு வீசு வீசுனாங்க. சத்தம் கேட்டுது. சிங்காநல்லூருக்கே கேட்டிருக்கும்னு சொல்ல வந்தேன், இந்தாளுகூடச் சேந்து எனக்கும் வாய் கெட்டுப் போச்சுங்க. "இது போதும்"னாங்க. "என்னைய பேட்டு மன்னிக்கட்டும். அவளை நான் பாத்துக்கறேன்."

நான் வண்டிச் சாவியை எடுத்துட்டேன். அப்பத்தான் தெய்வசிகாமணி தொண்டையைக் கனைச்சாரு. இவ்வளவு நேரம் பேசுனதெல்லாம் எதுக்குன்னு அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு.

"நல்ல பேட்டு அம்மணி, நான் சொன்னதாலதான் எடுத்தீங்க. அப்ப நாளைக்கு ஜோடி நாந்தான? நீங்க முன்னாடி சும்மா நில்லுங்க போதும். பின்னாடி வர்ற பந்து, முன்னாடி வர்ற பந்து, பக்கத்துக் கோர்ட்டுப் பந்து, எல்லாத்தையும் நானே…"

"ஜோடி பெனடிக்ட்டண்ணனுங்க"ன்னாங்க பூங்கோதையம்மா.

எங்காளு மூஞ்சி சுருங்கிப் போச்சு. ரெண்டு வருசத்துல அப்படி ஒரு மூஞ்சியை நான் பாத்ததே இல்ல. கொஞ்சம் பாவமாக்கூட இருந்துச்சுங்க. "அப்ப நானு?"ன்னாரு சின்னக் கொரல்ல.

"நீங்க இல்லாமயாண்ணா? உங்களுக்குத்தான் பெரிய வேலை. அந்தப் பக்கத்துக் கோட்டை ஒட்டி ஒரு சேரு போட்டுத் தர்றேன். வசுமதிக்கு ரெண்டடி தள்ளி உக்காந்துட்டு, இன்னிக்குச் சொன்னீங்களே, மைனா, எறும்பு, டவாலி, ஒண்ணு உடாம அவகிட்டச் சொல்லுங்க. நாங்க பதினோரு பாயிண்ட்டு எடுக்கற வரைக்கும் வாயை மட்டும் மூடிராதீங்க."

தெய்வசிகாமணி ஒரு நிமிசம் யோசிச்சாரு. அப்பறம் அந்த மூஞ்சியில மெதுவா வெளிச்சம் வந்துச்சு.

"பதினோரு பாயிண்ட்டுக்கு இந்தக் கதை பத்தாதே அம்மணி"ன்னாரு. "இன்னிக்கு நான் சொன்னது நெசம் மட்டும்தான."